காலையில் வண்டியை எடுத்ததும் மிதிக்காதீர்கள்

அக்கா மகன் கார் வாங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டி; டர்போ என்பது எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி. சனிக்கிழமை ராத்திரி பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டான்; விடிவதற்குள் நந்தி மலைக்குப் போய்விட வேண்டும் என்று ஆசை. ஐந்தரை மணிக்கு வண்டியைக் கிளப்பினோம். ஏரிக்கரைச் சாலையில் ஆள் நடமாட்டமே இல்லை. திருவள்ளுவர் சிலையைத் தாண்டியதும் ஆக்சிலரேட்டரை அழுத்தினான். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள் நாலாயிரத்தைத் தொட்டது. ஸ்டார்ட் செய்து முழுசாக இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

"காலை எடுடா" என்றேன்.

"ரோடு காலியாத்தானே மாமா இருக்கு?"

ரோடு காலிதான். ஆனால் எஞ்சின் ஆயில் அந்த நேரத்தில் அந்த வேகத்துக்குத் தயாராக இல்லை. அன்று போகும் வழியெல்லாம் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகக் கார் வாங்கியவர்கள், அதிலும் டர்போ வண்டி வாங்கியவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பகலில் பெங்களூரில் இந்தத் தவறைச் செய்வது கடினம். வீட்டை விட்டு வெளியே வந்தால் முதல் சிக்னலிலேயே நின்றுவிடுவோம். நெரிசலே நம்மை மெதுவாக ஓட்ட வைத்துவிடும். ஆபத்தெல்லாம் அதிகாலையிலும் நள்ளிரவிலும்தான். பொம்மனஹள்ளியில் வீடு என்றால் தெருவை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நேராக ஓடும் சாலை. ஹெப்பால் பக்கம் இருப்பவருக்கு விமான நிலையச் சாலை. நைஸ் ரோட்டை ஒட்டிய அடுக்குமாடிகளில் இருப்பவருக்கு டோல் தாண்டினால் போதும். எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே வேகச் சாலை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது.

ஆயிலுக்கு என்ன ஆகிறது

மார்கழி மாதம் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி காலைகளில் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்கும். பாட்டிலைக் கவிழ்த்தாலும் எண்ணெய் வராது, வெயிலில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். எஞ்சின் ஆயில் அப்படி உறையாது. உறையாத மாதிரிதான் தயாரிக்கிறார்கள். ஆனாலும் கெட்டியாகும். ஆயில் டின்னில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கும். அதில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. பின்னால் வரும் 30 என்பது 100 டிகிரி சூட்டில் அந்த ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண். சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் சுமார் ஆறு மடங்கு கெட்டி. 15 டிகிரியில் அது பதினைந்து மடங்கையும் தாண்டிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒருமுறையாவது செய்து பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவுங்கள். அதைச் சாய்த்துப் பிடித்தால் ஆயில் தேன் மாதிரி மெல்ல நகர்ந்து வரும், நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டு விழலாமா வேண்டாமா என்று நிற்கும். பிறகு பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, வண்டியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து மறுபடி உருவிப் பாருங்கள். துணி வைத்துப் பிடியுங்கள், சைலன்சர் பக்கம் கை போகக் கூடாது. இப்போது அதே ஆயில் தண்ணீர் மாதிரி சரசரவென்று இறங்கிச் சொட்டும். அக்கா மகனுக்கு அன்று மதியம் இதைத்தான் காட்டினேன். அதற்கு முன் நான் வாயால் சொன்ன எதுவும் அவன் மனதில் ஏறவில்லை.

ஆயில் கெட்டியாக இருக்கும்போது எஞ்சினை வேகமாகச் சுற்றினால் ஆயில் பம்பில் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறும். அப்போது ஒரு வால்வு திறந்து, ஆயிலின் ஒரு பகுதியை மேலே அனுப்பாமல் திருப்பிவிடும். அதாவது அதிக ஆயில் தேவைப்படும் அந்த நேரத்தில் போதுமான ஆயில் மேலே போய்ச் சேர்வதில்லை. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட், டர்போவின் தண்டைத் தாங்கும் பேரிங் எல்லாம் பம்பிலிருந்து தூரத்தில் இருக்கும் உறுப்புகள். முதலில் அடிபடுவது அவைதான்.

இன்னொன்று, உலோகம் விரிவது. பிஸ்டன் அலுமினியம்; பல எஞ்சின்களில் அது ஓடும் சிலிண்டர் சுவர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். அதனால் சூடேறிய பிறகு சரியாகப் பொருந்துகிற மாதிரிதான் பிஸ்டனைக் கடைகிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் வட்டமாகத் தெரிகிற பிஸ்டன் உண்மையில் மெல்லிய நீள்வட்டம். முழுச் சூடு வரும்போதுதான் அது வட்டத்தை நெருங்கும். சூடேறும் முன் பாரத்தைக் கொடுத்தால் அது சிலிண்டருக்குள் லேசாக ஆடி, சுவரில் மோதும். சில வண்டிகளில் காலையில் டக் டக் என்று ஒரு சத்தம் வந்து, சூடேறியதும் மறைவது இதனால்தான்.

இது பந்தயக் கார்களுக்கும் உள்ள சங்கதி. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஓட்டிய ஃபார்முலா 1 மாதிரியான கார்களில் இடைவெளிகள் அவ்வளவு நெருக்கம். வெளியிலிருந்து சூடான திரவத்தைச் செலுத்தி எஞ்சினைச் சூடாக்காமல் ஸ்டார்ட்டே செய்ய மாட்டார்கள். பி.எம்.டபிள்யூவின் எம் வகைக் கார்கள் சிலவற்றில் ஆயில் சூடேறும் வரை ஆர்.பி.எம். மீட்டரைச் சுற்றி எச்சரிக்கை விளக்குகள் எரியும். சூடு ஏற ஏற ஒவ்வொன்றாக அணைந்து, இனி இதுவரை போகலாம் என்று வழிவிடும். நம் வண்டிகளில் அப்படி ஒரு விளக்கு இல்லை. அதனால் அந்தக் கணக்கை நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறுத்தி வைத்துச் சூடேற்ற வேண்டாம்

அப்பா வைத்திருந்த ப்ரீமியர் பத்மினியில், குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக் இருந்தது. காலையில் அதை இழுத்துவிட்டு, ஸ்டார்ட் செய்து, வாசலில் ஓடவிட்டுவிட்டுக் காபி குடிக்க உள்ளே வருவார். காபி முடிந்ததும் சோக்கைத் தள்ளிவிட்டுக் கிளம்புவார். கார்புரேட்டரில் பெட்ரோலைக் காற்றோடு கலந்த அந்தக் கால வண்டிக்கு அது தேவைப்பட்டது. சூடேறும் முன் எடுத்தால் திக்கித் திணறி, சிக்னலில் அணைந்து போகும்.

அந்தப் பழக்கத்தை இன்றைய வண்டிக்குக் கொண்டுவர வேண்டாம். இப்போது எவ்வளவு பெட்ரோல் தேவை என்பதை சென்சார்களை வைத்துக் கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கும். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டால் அந்தக் கூடுதல் பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமல் குளிர்ந்த சிலிண்டர் சுவரில் படிந்து, அங்கே இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். கீழே இறங்கி ஆயிலோடும் கலக்கும். வேலை இல்லாமல் சும்மா ஓடும் எஞ்சினில் சூடு ஏறுவதும் மெதுவாகத்தான். அதோடு கியர்பாக்ஸ் ஆயில், சக்கர பேரிங், டயர், ஷாக் அப்சார்பர் எதுவுமே நின்ற இடத்தில் சூடேறாது. அவை ஓடினால்தான் சூடேறும்.

அடுக்குமாடி பேஸ்மென்டில் வண்டியை ஓடவிட்டு நிற்பது உடம்புக்கும் கேடு. குளிர்ந்த எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் 250, 300 டிகிரி சூடேறிய பிறகுதான் வேலையைத் தொடங்கும். அந்த வாயுவுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. எங்கள் கட்டிடத்துக் காவலாளி பேஸ்மென்டில் வண்டி ஓடிக்கொண்டிருந்தால் வந்து கண்ணாடியைத் தட்டி, "சார், காடி ஆஃப் மாடி" (வண்டியை அணையுங்கள்) என்று கன்னடத்தில் சொல்வார். அவர் சொல்வதுதான் சரி.

ஸ்டார்ட் செய்வதிலிருந்து வரிசையாக

சாவியைப் போட்டதும் அல்லது பட்டனை அழுத்தியதும் உடனே ஸ்டார்ட் செய்யாமல் டாஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரிந்து அடங்க இரண்டு, மூன்று விநாடி கொடுங்கள். டீசல் வண்டியில் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு வரும். சிலிண்டருக்குள் சூடேற்றும் க்ளோ பிளக் சூடாகிறது என்று அர்த்தம். அது அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

எஞ்சின் உயிர் பெற்றதும் ஒரே ஒரு விளக்கைக் கட்டாயம் பாருங்கள். எண்ணெய்க் குவளை வடிவத்தில் சிவப்பாக இருக்கும் ஆயில் விளக்கு. இரண்டு, மூன்று விநாடிக்குள் அது அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போக நினைக்காதீர்கள்.

ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ரேஸ் கொடுத்து உறுமவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. எஞ்சின் தானாகவே 1,200 ஆர்.பி.எம். அல்லது அதற்கு மேல் சுற்றும், அரை நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் சீட் பெல்ட் போடுங்கள், கண்ணாடிகளைச் சரிபாருங்கள், போனில் வழியைப் போட்டுக்கொள்ளுங்கள். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் கிளம்பலாம். ஆர்.பி.எம். எண்ணூறு வரை இறங்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

முதல் மூன்று கிலோமீட்டர்தான் முக்கியம். பெட்ரோல் வண்டியில் முள் 2,500ஐத் தாண்டக் கூடாது. டீசலில் 2,000 போதும். ஆக்சிலரேட்டரைக் கால்வாசிக்கு மேல் அழுத்த வேண்டாம். இங்கே புதியவர்கள் செய்யும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். ஆர்.பி.எம். ஏறக் கூடாது என்றதும் சீக்கிரமே டாப் கியருக்குப் போய், 1,200 சுற்றில் வண்டி நடுங்க நடுங்க மிதிப்பார்கள். அது வேகமாகச் சுற்றுவதைப் போலவே கெடுதல். பேரிங்கின் மேல் பாரம் முழுக்க இறங்கும், டர்போ பெட்ரோலில் எரிபொருள் நேரம் தவறி முன்கூட்டியே தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. 1,500க்கும் 2,500க்கும் நடுவில் வைத்து, மென்மையாகப் போவதுதான் சரி. செகண்ட் கியர் இறுக்கமாக விழுந்தால் பலவந்தம் செய்யாதீர்கள், கியர் ஆயிலும் இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் சாதாரண டி போதும், ஸ்போர்ட் மோடை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏசியை ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். பெங்களூர்க் காலையில் கண்ணாடியை இறக்கினாலே போதும்.

மூன்று கிலோமீட்டர் தாண்டியபின் 3,000 வரை போகலாம். மேம்பாலத்தில் ஏற வேண்டியிருந்தால் ஏறுங்கள். இடது ஓரத்தில், சீரான வேகத்தில், டாப் கியரில் ஓட்டினால் சுற்று தானாகவே குறைவாக இருக்கும். உண்மையில் எஞ்சினைச் சூடேற்ற இதைவிட நல்ல வழி இல்லை. முந்திச் செல்வதற்காகத் திடீரென்று கியரைக் குறைத்து முழுக்க அழுத்துவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

முள்ளை நம்பி ஏமாறாதீர்கள்

அன்று மேக்ரி சர்க்கிள் வருவதற்குள் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டது. அவன் முகத்தில் ஒரே சந்தோஷம்.

"ஊசி நடுவுக்கு வந்துடுச்சு மாமா. இப்ப மிதிக்கலாமா?"

"அது தண்ணிக்குடா. ஆயிலுக்கு இல்ல. ஹெப்பால் தாண்டட்டும்."

இதை அவன் மட்டுமல்ல, பத்து வருடம் கார் ஓட்டியவர்களும் கவனிப்பதில்லை. டாஷ்போர்டில் காட்டுவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூடு. கூலன்ட் சீக்கிரம் சூடாகும், ஏனென்றால் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது அது ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். 80, 90 டிகிரி வாக்கில்தான் தெர்மோஸ்டாட் திறக்கும். ஆயில் அப்படியில்லை. எஞ்சினின் அடியில் காற்று படும் சம்ப் என்ற தொட்டியில் தங்குகிறது, மெதுவாகத்தான் சூடேறும். கூலன்ட் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முள் நடுவுக்கு வர ஆறு நிமிடம் என்றால் ஆயிலுக்கு இன்னும் ஆறு நிமிடம் கொடுங்கள். மொத்தத்தில் பத்து கிலோமீட்டர் என்பது பெங்களூரில் எனக்குச் சரியாக வரும் கணக்கு. டிசம்பர் காலையில் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்வேன்.

முள்ளைப் பற்றி இன்னொரு விஷயம். கூலன்ட் சூடு இருபது, முப்பது டிகிரி ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படிதான் பல வண்டிகளில் அதை அமைத்திருக்கிறார்கள். சில வண்டிகளில் முள்ளே கிடையாது. நீல விளக்கு எரிந்தால் குளிர், சிவப்பு எரிந்தால் அதிகச் சூடு, அவ்வளவுதான். அந்த நீல விளக்கு முழுச் சூட்டுக்கு வெகு முன்னாலேயே அணைந்துவிடும். அது அணைந்ததை, இனி மிதிக்கலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆர்வம் இருந்தால் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றை வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகலாம். போனில் கூலன்ட் சூடு டிகிரிக் கணக்கில் தெரியும். சில வண்டிகளில் ஆயில் சூடும் கிடைக்கும். ஆயில் 80 டிகிரியைத் தொட்டுவிட்டால் கவலை இல்லை.

நெரிசலில் நின்றுகொண்டே கழித்த நேரத்தை இந்தக் கணக்கில் முழுசாகச் சேர்க்காதீர்கள். சில்க் போர்டு சிக்னலில் பதினைந்து நிமிடம் நின்றால் கூலன்ட் சூடாகியிருக்கும், ஆயில் பாதிதான் வந்திருக்கும். நிமிடத்தைவிடக் கிலோமீட்டரை நம்புங்கள்.

ஆயிலும் சூடேறிய பிறகு முதல் தடவை அழுத்தும்போது படிப்படியாக அழுத்துங்கள். ஒருமுறை மூன்றரை ஆயிரம், அடுத்தது நாலரை. அதற்குப் பிறகு எஞ்சின் எதையும் தாங்கும், தாங்குவதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். நந்தி மலை 1,478 மீட்டர் உயரம். கடைசி ஏற்றத்தில் எஞ்சின் நன்றாக உழைத்தாக வேண்டும். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும் என்பதால் அன்று அவனை அந்த ஏற்றத்தில் தாராளமாக ஓட்டச் சொன்னேன்.

ஹைப்ரிட் வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதலாக ஒன்றை நினைவில் வையுங்கள். நகருக்குள் பேட்டரியிலேயே வந்திருப்பீர்கள். எத்தனை கிலோமீட்டர் வந்திருந்தாலும் எஞ்சின் குளிர்ந்தே இருக்கலாம். வேகச் சாலையில் எஞ்சின் ஓடத் தொடங்கியபின் சில கிலோமீட்டருக்கு மென்மையாகவே அழுத்துங்கள்.

டர்போவும் நிறுத்தும் முறையும்

ஆறு வருடத்துக்கு முன் நான் வாங்கிய பழைய டர்போ வண்டி ஒன்று, அழுத்தினால் விசில் மாதிரி கீச்சிட்டது. பின்னால் நீலப் புகை. ஜே.சி. ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பட்டறையில் காட்டினேன். மெக்கானிக் டர்போவைக் கழற்றி மேசை மேல் வைத்து, நடுவில் இருக்கும் தண்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். டொக் டொக் என்று ஆடியது. பக்கவாட்டில் மயிரிழை அசைவு இருக்கலாம், இப்படி முன்பின்னாக ஆடவே கூடாது என்றார். டார்ச் அடித்துக் காட்டினார். விசிறி இறக்கைகளின் நுனி உள்சுவரில் உரசி, ஒரு வளையமாகப் பளபளத்தது.

"காலையில எடுத்ததும் மிதிச்சிருக்காங்க சார். வேகமா வந்து நின்னதும் டக்குனு ஆஃப் பண்ணியிருக்காங்க. ரெண்டும் சேர்ந்தா இப்படித்தான்."

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. அதனால் கிளம்பும்போது காட்டும் அதே பொறுமை நிற்கும்போதும் வேண்டும். கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள். நெடுஞ்சாலையில் அழுத்தி ஓட்டிவந்து ஓட்டலில் திடுமென நிறுத்துவதாக இருந்தால், அணைக்கும் முன் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். உடனே அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், கொதிக்கும் டர்போவுக்குள் தங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். வீட்டுத் தெருக்களில் மெதுவாக வந்திருந்தால் அந்த ஒரு நிமிடமும் தேவையில்லை.

தினமும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் ஆயில் ஒருநாளும் முழுச் சூட்டைப் பார்ப்பதில்லை. உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியில்லை. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மோர் மாதிரி வெளுத்த பசை தெரியலாம். கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் அது கூலன்ட்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டின் பிரச்சினையாகவும் இருக்கலாம், உடனே காட்டுங்கள். அப்படி இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள், கையேட்டில் கடினமான பயன்பாட்டுக்கென்று தனியாகக் குறைத்துப் போட்டிருக்கும் தூரத்தில் ஆயிலை மாற்றிவிடுங்கள். பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் வண்டிகளுக்கு இந்த வாராந்திர ஓட்டம் இன்னும் முக்கியம். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் நல்ல சூட்டில்தான் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்.

ஓட்டி முடித்த எஞ்சின் ஒரு மணி நேரம் வரை ஓரளவு சூட்டோடு இருக்கும், கடைக்குப் போய்த் திரும்பினால் மூன்று கிலோமீட்டர் மென்மையே போதும். காலையில் ஒன்பது மணிக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் நிறுத்திவிட்டு மாலை ஆறரைக்கு எடுத்தால் நிலைமை வேறு. பகல் முழுக்க வெயிலில் நின்று பானெட் சுட்டாலும் உள்ளே ஆயில் ஆறிப்போயிருக்கும். வீட்டுக்குப் போகும் அவசரமும் இருக்கும், மேம்பாலமும் அங்கே அலுவலக வாசலிலேயே இருக்கும். மறுபடி முதல் மூன்று கிலோமீட்டரிலிருந்து தொடங்குங்கள்.